ஒரு கிணற்று வாயு, இரண்டு வாக்குறுதி

இயற்கை எரிவாயுவைப் பற்றி இக்காலத்தில் அரசாங்கங்களின் அறிக்கைகளிலும், எண்ணெய்க் கம்பெனித் தலைவர்களின் பிரசங்கங்களிலும், பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கங்களிலும் ஒருமுகமாக வழங்கிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. பூமிக்குள் வாயு ஏராளமாக இருக்கிறது. அதைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலேற்றும் வித்தை கைவந்துவிட்டமையால் கடல் இனி அதற்குத் தடையாகாது. வாயுவுடைய நாடு அதை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி சம்பாதிக்கலாம். அதே வேளையில் தன் ஊர்ப் பஸ்களையும் லாரிகளையும் ஆட்டோக்களையும் பெட்ரோல், டீசலினின்று விலக்கி அவ்வாயுவிலேயே ஓடச் செய்து, ஜனங்களுக்கு மலிவான பிரயாணமும் கரிப்புகையற்ற காற்றும் அளிக்கலாம். வாயுவில்லாத நாடும் கப்பலில் வருவதை வாங்கி இதே சௌகரியத்தை அடையலாம் என்பதே அவ்வபிப்பிராயம். சூரியனும் காற்றும் தரும் மின்சாரத்தால் உலகம் நடக்கும் காலம் வரும்வரை கடந்து செல்ல உதவும் பாலம் என்று இதற்கு ஒரு பட்டமும் சூட்டியிருக்கிறார்கள்.

இதை மறுப்பதே நம் நோக்கம். மறுக்கப் புகுமுன், நம் பழைய தர்க்க நூலார் வழக்கப்படி, பூர்வபட்சத்துக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுதல் முறை. திரவ வாயு ஏற்றுமதியால் லாபமில்லை என்று நாம் சொல்லவில்லை. முத்துக் குளித்தும் மீன் பிடித்தும் காலம் கழித்த சின்னஞ்சிறு கத்தார் இன்று அடைந்திருக்கும் ஐசுவரியத்தைக் கண்டவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார். வாயுவில் ஓடும் பஸ் பழைய டீசல் பஸ்ஸைவிடக் குறைவாகக் கரி கக்கும் என்பதையும் மறுக்கவில்லை. தனித்தனியே எடுத்துக்கொண்டால் இரண்டும் மெய்யே. ஆயின் இவ்விரண்டையும் ஒருங்கே, ஒரே கிணற்றிலிருந்து, ஒரே தலைமுறையில், மலிவு கெடாமல் அளிக்கலாம் என்னும் வாக்குறுதிதான் பொய். வாகனத்துக்கு வாயு மலிவாகக் கிடைத்ததன் காரணம் எதுவோ அந்தக் காரணத்தையே ஏற்றுமதி வேரோடு பறித்துவிடுகிறது என்பதைப் பிரசாரகர்கள் சொல்வதில்லை.

அந்தக் காரணம் யாது? எண்ணெயைப் பீப்பாயில் ஊற்றினால் அது பீப்பாயிலே கிடக்கும். வண்டியேற்றலாம், கப்பலேற்றலாம், விலை ஏறும்வரை வைத்திருந்தும் விற்கலாம். வாயுவின் சுபாவம் வேறு. அது குழாய் போன இடத்துக்கே போகும். குழாய் நின்ற இடத்தில் அதுவும் நின்றுவிடும். ஆகையால் எண்ணெயோடு உடன்வந்த வாயுவை வாங்குவாரின்றிக் கிணற்று வாயிலேயே தீமூட்டி எரித்துவிடுவது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகமெங்கும் நடந்த காரியம். இன்றும் அது நின்றபாடில்லை. கிணற்றுக்கு அருகில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வாயு மலிவாய்க் கிடைத்ததென்றால், அதற்கு மிகுதி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் முதற்காரணம் அதற்குப் போக்கிடம் இல்லாமையே. சாலையில்லாத ஊரில் பால் மலிவு; பால் சங்கத்து வண்டி வந்துபோகத் தொடங்கிய பிறகு அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மோரும் அருமையாகிவிடுகிறது. காவிரிப் படுகையிலும் ராமநாதபுரத்திலும் எடுக்கப்படும் வாயு திருமாக்கோட்டையிலும் குத்தாலத்திலும் வழுதூரிலும் உள்ள தமிழ்நாட்டு அரசின் மின்நிலையங்களுக்கு வருகிறது. அந்தச் சிறு வயல்களின் வாயுவைத் தேடிக் கப்பல் எதுவும் வரப்போவதில்லை என்பதே அந்த மின்நிலையங்களின் அதிர்ஷ்டம்.

வாயு வாகனங்கள் செழித்த தேசங்களின் சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்கள்; எல்லாம் வாயு அடைபட்டுக் கிடந்த தேசங்களே. இத்தாலியில் போ நதிச் சமவெளியின் வாயுவை மோட்டார் வண்டிக்கு ஊட்டும் வழக்கம் 1930களிலேயே தோன்றியது. நியூஸிலாந்து, எண்ணெய் விலை உயர்ந்து உலகம் கலங்கிய நாளில், மௌயி என்னும் கடல்வயலின் வாயுவைக் கார்களுக்குத் திருப்பிவிட்டு, 1980களின் நடுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை அதில் ஓட்டியது. அரசாங்கம் சலுகையை நிறுத்தியதும் அந்த ஏற்பாடு சில ஆண்டுகளில் கரைந்து போயிற்று. அர்ஜென்டினா 1980களில் இறங்கி லட்சக்கணக்கான வண்டிகளை மாற்றியது. ஆனால் இவை அனைத்தையும்விட நம் கருத்தைத் தெளிவிக்கும் திருஷ்டாந்தம் பாரசீக வளைகுடாவில் இருக்கிறது. அக்கடலுக்கடியில் உலகத்திலேயே மிகப் பெரிய வாயுத் தேக்கம் ஒன்று பரந்து கிடக்கிறது. அதன் தென்பாகம் கத்தாருக்கும் வடபாகம் ஈரானுக்கும் சொந்தம். பாறை ஒன்று, வாயு ஒன்று, அழுத்தம் ஒன்று. தென்கரையில் ராஸ் லஃபான் துறைமுகத்திலிருந்து ஆண்டுக்கு 7 கோடி டன்னுக்கும் மேற்பட்ட திரவ வாயு கப்பலேறுகிறது. அங்கே வாயு வாகனம் என்பது பேச்சுக்கும் அரிது. வடகரையிலோ, அந்நிய நாடுகளின் பொருளாதாரத் தடைகளால் திரவமாக்கும் ஆலையைக் கட்டி முடிக்க இயலாமற்போன ஈரான், பல லட்சம் கார்களை வாயுவில் ஓட்டி அவ்வகையில் உலகத்தின் முன்வரிசையில் நிற்கிறது. ஒரே தேக்கத்தின் இரு கரைகளில் இவ்வாறு இரு வேறு விதி வாய்த்ததற்குக் கப்பல் வருவதும் வராமையும் அன்றி வேறு காரணம் கூற முடியுமா?

திரவமாக்குதல் எத்தகைய காரியம் என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். வாயுவைச் சுத்தி செய்து, பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்தால், அது அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கித் தண்ணீர்போல் தெளிந்த திரவமாகிறது. 1959இல் ‘மீத்தேன் பயனியர்’ என்னும் கப்பல் லூயிசியானாவிலிருந்து இங்கிலாந்தின் கான்வி தீவுக்கு இத்திரவத்தைக் கொண்டுசேர்த்தது. 1964இல் அல்ஜீரியாவின் அர்ஸூ துறைமுகத்திலிருந்து முறையான வியாபாரம் தொடங்கியது. 1969இல் அலாஸ்காவிலிருந்து ஜப்பானுக்குப் போயிற்று. இக்குளிர்ச்சிக்காகவே, ஆலைக்குள் வரும் வாயுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு செலவாகிவிடும். அந்த ஆலைகளைக் கட்டப் பல்லாயிரம் கோடி ரூபாய் மதிப்புள்ள மூலதனம் வேண்டும். அதைக் கடன் கொடுப்பவன் வாங்குவோரிடமிருந்து இருபதாண்டு ஒப்பந்தத்தை எழுதி வாங்காமல் ஒரு காசும் அவிழ்க்கமாட்டான். இந்த இடத்தில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. இருபதாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு, தன் வாயுவில் முதல் உரிமையைக் கப்பலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. சொந்த ஊர் அடுப்பும் ஆட்டோவும் அதற்குப் பின்னே வரிசையில் நிற்க வேண்டியவையே. அவ்வளவோடு நிற்பதுமில்லை. கப்பலுக்கு விற்றால் கிடைக்கும் விலையினின்று குளிரவைக்கும் கூலியையும் கடற்கூலியையும் கழித்தால் எஞ்சுவது எதுவோ அதற்குக் குறைவாக உள்ளூரில் விற்க எந்த வியாபாரியும் சம்மதிக்கமாட்டான். அந்த மீதியே ஊர் விலையாகிவிடும்.

ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையார் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். குவின்ஸ்லாந்தில் கிளாட்ஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய கர்ட்டிஸ் தீவில் மூன்று ஏற்றுமதி ஆலைகள் 2014 இறுதி முதற்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வேலை தொடங்கின. அதற்கு முன் பல்லாண்டுகள் மூன்று அல்லது நான்கு டாலருக்கு விற்ற அளவு வாயுவுக்கு, 2017இல் தொழிற்சாலைக்காரர்கள் பத்து டாலரும் அதற்கு மேலும் கொடுக்க வேண்டிவந்தது. நாட்டு உபயோகத்துக்குப் போதாவிட்டால் ஏற்றுமதியைத் தடுக்கும் அதிகாரத்தை அவ்வாண்டே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் விலைக்கு 12 டாலர் என்று உச்சவரம்பும் கட்டியது. உலகத்தின் தலையாய ஏற்றுமதி நாடுகளுள் ஒன்று, சிட்னிக்குத் தெற்கே கெம்ப்லா துறைமுகத்தில் இறக்குமதி முனையம் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறது என்பது பிரசாரகர்கள் அதிகம் விளம்பரம் செய்யாத ஒரு வேடிக்கை. அத்தேசத்தின் மேல்கரை மட்டும் இச்சங்கடத்தில் பெரும்பகுதி தப்பியது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2006லேயே, வாயுவில் 15 சதவீதத்தை உள்ளூருக்கு ஒதுக்கிய பிறகே கப்பலேற்றலாம் என்று விதி செய்திருந்தது. அவ்விதியைக் கம்பெனிகள் அன்று வர்த்தக சுதந்திரத்துக்கு விரோதம் என்றன, ஆம், விரோதந்தான். அந்த விரோதத்தினால்தான் பெர்த் நகரத்தார் பிழைத்தார்கள்.

அமெரிக்காவைக் காட்டி ஆட்சேபிப்பார் உளர். 2016 பிப்ரவரியில் லூயிசியானாவின் சபீன் பாஸ் ஆலையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்ட அத்தேசம் 2023இல் உலகத்தின் முதல் ஏற்றுமதியாளனாகிவிட்டது; ஆயினும் 2024இல் அங்கே வாயுவின் சராசரி விலை பத்து லட்சம் பி.டி.யு. என்னும் அளவுக்கு இரண்டு டாலரைச் சுற்றியே இருந்தது. ஏற்றுமதி ஊர் விலையை உயர்த்தும் என்னும் உங்கள் நியாயம் எங்கே போயிற்று என்று கேட்பர். கேள்வி நல்லதே. மறுமொழி அவர்கள் காட்டும் இடத்திலேயே இருக்கிறது. டெக்ஸஸின் மேற்பகுதியில் எண்ணெய்க்காகத் தோண்டும் கிணறுகளில் வாயு வேண்டாமலே வந்து குவிகிறது. அதை வெளியேற்றக் குழாய் போதாமையால், வாஹா என்னும் சந்தையில் 2024இன் பல நாட்களில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய், விற்பவனே காசு கொடுத்து எடுத்துப் போகச் சொல்லும் விபரீதம் நேர்ந்தது. அடைபட்ட வாயுவே மலிவான வாயு என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமோ? இன்னும் ஒன்று. 2022 ஜூன் 8ஆம் தேதி டெக்ஸஸ் கடற்கரையில் ஃப்ரீபோர்ட் ஏற்றுமதி ஆலை தீவிபத்தில் சிக்கி மூடப்பட்டது. ஒன்பது டாலருக்கு மேல் ஏறியிருந்த அமெரிக்க விலை அம்மாதம் முடிவதற்குள் ஆறு டாலருக்கும் கீழே இறங்கிற்று. ஐரோப்பாவிலோ விலை ஏறிற்று. கப்பல் ஏற முடியாத வாயு ஊருக்குத் திரும்பியதும் ஊர் விலை விழுந்தது. பொருளாதார ஆசிரியர் எவரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத இப்பரீட்சையை ஒரு தீவிபத்து செய்து காட்டிற்று.

அதுவுமின்றி, மலிவான வாயு அமெரிக்காவில் வாகனங்களை இழுத்துக்கொண்டதா என்றால் அதுவுமில்லை. பூன் பிக்கன்ஸ் என்னும் டெக்ஸஸ் கோடீசுவரர் 2008 ஜூலையில் ஒரு திட்டத்தை அறிவித்து, நாட்டு லாரிகளை எல்லாம் நாட்டு வாயுவில் ஓட்டினால் அந்நிய எண்ணெய்க்கு அடிமைப்பட வேண்டாம் என்று தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். அவர் விரும்பியபடியே வாயு விலை விழுந்தது, அவர் எதிர்பாராத ஆழத்துக்கும் விழுந்தது, லாரிகள் வரவில்லை. 2014இல் எண்ணெய் விலையும் விழுந்தமையால் மாற்றுக் கருவிக்குச் செலவிட்ட பணத்தை மீட்க வழியில்லை என்று லாரிக்காரர்கள் கணக்குப் பார்த்துவிட்டார்கள். ஹோண்டா கம்பெனி தன் வாயுக் காரை 2015இல் நிறுத்திக்கொண்டது. அந்த வாயுதான் பிறகு கப்பலேறிற்று.

இனி எகிப்துக்கு வருவோம். நம் வாதத்துக்கு மையமாகக் கொள்ளத்தக்க தேசம் அதுவே. ஏனெனில் ஏற்றுமதி, வாகனம் என்னும் இரண்டு வாக்குறுதிகளையும் ஒரே அரசாங்கம் ஒரே மூச்சில் கொடுத்தது அங்கேதான். நைல் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் இருபுறத்திலும், டாமியெட்டாவிலும் இட்குவிலும், 2005இல் இரண்டு ஏற்றுமதி ஆலைகள் திறக்கப்பட்டன. வாயு குறைவற்றது, அடுப்புக்கும் உண்டு, மின்சாரத்துக்கும் உண்டு, ஐரோப்பாவுக்கும் உண்டு என்பது அன்றைய உத்தியோகப் பூர்வமான நம்பிக்கை. பத்தாண்டு செல்லவில்லை. ஜனத்தொகையும் குளிர்சாதனங்களும் பெருகின. பழைய வயல்கள் தளர்ந்தன. மானிய விலையில் விற்ற வாயுவுக்காகப் புது வயல் தேடக் கம்பெனிகள் முன்வரவில்லை. கெய்ரோ நகரம் இருளில் மூழ்கத் தொடங்கவே, அரசாங்கம் ஆலைகளுக்குப் போன வாயுவை மின்நிலையங்களுக்குத் திருப்பிற்று. டாமியெட்டா ஆலை வாயுவின்றி நின்றது. பின்னர் அதன் ஸ்பானியப் பங்காளியான யூனியன் ஃபெனோஸா கம்பெனி, உலக வங்கியைச் சார்ந்த மத்தியஸ்த மன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2018இல் எகிப்து ஏறத்தாழ 200 கோடி டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. தன் மண்ணின் வாயுவைத் தன் ஜனங்களின் விளக்குக்கு எரித்த குற்றத்துக்கு ஒரு தேசத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது என்று சொன்னால் சட்டவாணர்கள் முகம் சுளிப்பர். ஆயின் ஒப்பந்தத்தின் சாராம்சம் அதுவே.

2015இல் எகிப்து, மிதக்கும் முனையங்களை வாடகைக்கு அமர்த்திச் செங்கடல் ஓரத்து ஐன் சுக்னாவில் திரவ வாயுவை இறக்குமதி செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மத்தியதரைக் கடலில் ஸோஹ்ர் என்னும் பெருவயல் கண்டுபிடிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் அதிலிருந்து வாயு வந்தது. பழைய நம்பிக்கை பழைய வேகத்தோடு திரும்பிற்று. 2021இல் பழைய கார்களைக் கொடுத்துவிட்டு வாயுக் கார்களை வாங்கிக்கொள்ளும் பெருந்திட்டம் ஒன்றை அரசாங்கம் ஆரம்பித்தது; கடனும் மானியமும் தந்தது; வாயு நிலையங்களை நூற்றுக்கணக்கில் திறந்தது. அதே 2021இல்தான் நின்றுகிடந்த டாமியெட்டா ஆலையும் மீண்டும் கப்பலேற்றத் தொடங்கிற்று. ரஷ்ய வாயு நின்றுபோய் ஐரோப்பா தத்தளித்த 2022இல் எகிப்தின் ஏற்றுமதி உச்சத்தை எட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அத்தேசத்து மந்திரிசபை என்ன தீர்மானம் செய்தது தெரியுமா? தெருவிளக்குகளை மங்கச் செய்ய வேண்டும், கடைத்தொகுதிகளில் குளிர்சாதனத்தை 25 டிகிரிக்குக் கீழே வைக்கலாகாது. இவ்வாறு மிச்சமாகும் வாயுவை ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதிக்க வேண்டும். வாயுக் காருக்குக் கடன் கொடுத்த கையே தெருவிளக்கை மங்கச் செய்தது.

2023 ஜூலை முதல் தினந்தோறும் மின்வெட்டு; ஸோஹ்ர் வயலில் உற்பத்தி வீழ்ச்சி; 2023 அக்டோபரில் காஸா யுத்தம் மூண்டதும் இஸ்ரேலிலிருந்து குழாய் வழியே வந்த வாயுவும் சில காலம் குறைந்தது. 2024 ஜூனில் உரத் தொழிற்சாலைகள் வாயுவின்றி நின்றன. மின்வெட்டு மூன்று மணி நேரம் வரை நீண்டது. கோடையைக் கடத்துவதற்காக எகிப்து மறுபடியும் திரவ வாயுவைக் கப்பல் கப்பலாக வாங்கத் தொடங்கிற்று. மானியமும் கடனும் பெற்று மாறிய லட்சக்கணக்கான வண்டிகளுக்கு ஊட்டும் வாயுவின் விலையை அரசாங்கம் படிப்படியாக உயர்த்தி வருகிறது. இதில் யாரையும் அயோக்கியர் என்று நாம் பழிக்கவில்லை. டாலர் தேவைப்பட்ட நாடு டாலருக்கு விற்றது. மின்சாரம் தேவைப்பட்டபோது டாலருக்கு வாங்கியது.

எகிப்துக்கு நேர்ந்ததைத் தற்செயல் என்று ஒதுக்குவோருக்குப் பாகிஸ்தானைக் காட்டலாம். அங்கே சங்கடம் வந்தது ஏற்றுமதியால் அன்று, வாகனத்தால். பலூசிஸ்தானத்தில் சூயி என்னும் இடத்தில் 1952இல் கண்டெடுத்த வாயு, கராச்சி, லாகூர் அடுப்புகளுக்குச் சென்று அத்தேசத்து ஜனங்களிடையே ‘சூயி காஸ்’ என்றே பெயர்பெற்றது. அதைக் கார்களுக்கு மிகத் தாராளமாகத் திறந்துவிட்டமையால், 2009, 2010ஆம் ஆண்டுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளோடு பாகிஸ்தான் உலகத்தின் முதலிடத்தில் நின்றது. வாயு நிலையங்கள் மூவாயிரத்தைக் கடந்தன. சர்வதேச மாநாடுகளில் அதைப் புகழாதவர் இல்லை. ஆனால் சூயியின் வாயு சுரக்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மாநாடுகள் மறந்தன. பிறகு நடந்தது, வாரத்தில் சில நாள் நிலையங்களுக்கு விடுமுறை, பின் குளிர்காலம் முழுவதும் பஞ்சாபில் கதவடைப்பு, இரவெல்லாம் வரிசையில் நிற்கும் டாக்ஸிகள். 2015 மார்ச்சில் காசிம் துறைமுகத்தில் முதல் திரவ வாயுக் கப்பல் வந்தது. அடுத்த ஆண்டு கத்தாரோடு எண்ணெய் விலையோடு பிணைத்துப் பதினைந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அன்று முதல் லாகூர்க் காரோட்டி கொடுக்க வேண்டிய விலை அவன் நாட்டு மண்ணோடு தொடர்பற்றதாயிற்று. 2022இல் ஐரோப்பா எந்த விலையும் கொடுக்கத் தயாராக நின்றபோது, ஒப்பந்தப்படி தரவேண்டிய கப்பல்களையே சில வியாபாரிகள் தராமல் விட்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் பத்துக் கப்பல் வாயுவுக்குப் பாகிஸ்தான் விலை கேட்டு விளம்பரம் செய்தபோது ஒருவரும் விலை கூறவில்லை.

அர்ஜென்டினாவிலும் இதே பாடம். 2004இல் தன் ஊருக்கே போதாமற்போனதால் சிலி நாட்டுக்குக் குழாயில் கொடுத்துவந்த வாயுவை அது வெட்டிற்று. 2024 மே மாதக் கடுங்குளிரில் தன் வாயு நிலையங்களுக்கே விநியோகத்தை நிறுத்தி டாக்ஸிக்காரர்களைத் தெருவில் நிறுத்திற்று. அந்நாடே இப்போது பட்டகோனியாவின் வாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றப் பிரயத்தனம் செய்கிறது.

சீனத்தை மறந்துவிட்டீரோ என்பர். மறக்கவில்லை. திரவ வாயுவை நேரே தொட்டியில் ஊற்றிக்கொண்டு ஓடும் பெருலாரிகள் அங்கேபோல் வேறெங்கும் இல்லை. டீசல் உபயோகத்தை அவை குறைத்திருப்பதும் மெய். ஆனால் அவற்றின் விற்பனையை ஆண்டுவாரியாகப் பாருங்கள்: 2020இல் ஏறத்தாழ 1,40,000 லாரி விற்றன, வாயு விலை வானை முட்டிய 2022இல் 40,000க்கும் கீழே விழுந்தன, விலை தணிந்த 2023இல் மறுபடி ஒன்றரை லட்சத்தைத் தொட்டன. இத்தனை ஏற்ற இறக்கத்தைத் தாங்கச் சீனத்தில் சொந்த வயல் உண்டு, ரஷ்யாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் குழாய் உண்டு, டீசலுக்குத் திரும்ப லாரிகள் உண்டு. இம்மூன்றும் இல்லாத நாட்டுக்கு அதை முன்மாதிரி காட்டுவது நியாயமாகாது. போதாக்குறைக்கு, அத்தேசத்திலேயே மின்லாரிகள் இப்போது வேகமாகப் பெருகி, வாயு லாரிகளின் இடத்தையே கேட்கின்றன.

சுத்தம் என்னும் வாதத்தைப் பற்றிச் சிறிது. டெல்லியில் 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி 2002 இறுதிக்குள் பஸ்கள் அனைத்தும் வாயுவுக்கு மாறியதும் கரும்புகை கக்கும் பஸ்கள் தெருவினின்று மறைந்தன. அது நற்காரியம், அதைச் செய்வித்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் அன்று எதிரே நின்றது கந்தகம் மிகுந்த பழைய டீசல். இன்று எதிரே நிற்பது மின்சாரப் பஸ். அன்றைய வெற்றியை இன்றைய நியாயமாக்குவது காலக்கணக்கில் பிழை. பூமி வெப்பமடைவதைப் பற்றியோ என்றால், எரியும்போது வாயு நிலக்கரியைவிடக் குறைவாகக் கரியமிலவாயுவைத் தருகிறது என்பதே பிரசாரகர்களின் பெருமூலதனம். எரியாமல் கசிந்த மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ முப்பது மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் எண்பது மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள். கிணறு, குழாய், குளிர் ஆலை, கப்பல், முனையம், மறுபடி குழாய், அழுத்தும் நிலையம், வண்டியின் எஞ்சின் என்று இத்தனை வாய்களைக் கடக்கும் ஒரு பொருள் ஒவ்வொன்றிலும் சிறிது கசிந்தால் போதும், எரிந்தபோது கண்ட லாபம் கரைந்துவிடும். கார்னெல் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஹோவர்த் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவிலிருந்து கப்பலேறும் திரவ வாயு இருபதாண்டுக் கணக்கில் நிலக்கரியைவிட மோசமானது. அவர் கணக்கை மறுப்பவர்களும் விஞ்ஞானிகளே. எனவே அதை முடிந்த முடிபாக நாம் நாட்டவில்லை. நம் வாதம் அதை நம்பியும் இல்லை. விலையே நமக்குப் போதும்.

இந்தியாவோ ஏற்றுமதி செய்வதில்லை. ஆகையால் இச்சங்கடம் நமக்கு ஏது என்று எண்ணலாகாது. உபயோகிக்கும் வாயுவில் ஏறத்தாழப் பாதியை நாம் கப்பலில் வாங்குகிறோம். 2004 ஜனவரியில் குஜராத்தின் தஹேஜில் கத்தாரிலிருந்து முதல் கப்பல் வந்தது. 2019இல் நம் எண்ணூரிலும் முனையம் திறந்தது. நாட்டின் சக்தித் தேவையில் ஆறு சதவீதமளவில் இருக்கும் வாயுவின் பங்கை 2030க்குள் பதினைந்தாக்குவது என்பது டெல்லியின் குறிக்கோள். உள்நாட்டு வாயுவின் மலிவான பங்கைக் காட்டியே வாகனக்காரர்களை இந்தப் பக்கம் அழைத்தார்கள். வண்டிகள் பெருகியதும் அந்தப் பங்கு போதாமல், 2024இன் பிற்பகுதியில் நகர விநியோகக் கம்பெனிகளுக்கு அது வெட்டப்பட்டது. குறைந்ததை உயர்விலை வாயுவைக் கொண்டு நிரப்பச் சொன்னார்கள். டெல்லியில் 2021 தொடக்கத்தில் கிலோ 43 ரூபாயளவில் விற்ற சி.என்.ஜி. என்னும் வாகன வாயு, 2022 முடிவில் 79 ரூபாயைக் கடந்தது. இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம் எந்த ஆட்டோக்காரரின் கணக்கிலும் இருந்திருக்காது; ஆனால் அது டெல்லியில் நிகழ்ந்த காரியத்தால் வந்ததன்று, உக்ரேனிலும் ஐரோப்பாவிலும் நிகழ்ந்ததால் வந்தது. கப்பலை வாங்குகிறவன், வாயுவோடு உலகத்தின் யுத்தங்களையும் சேர்த்தே வாங்குகிறான். உலகத் திரவ வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கடந்துவரும் ஹோர்முஸ் ஜலசந்தி நம் கத்தார்க் கப்பல்களின் வழியும் ஆகும்.

கடைசியாக ஒரு யுக்தி எஞ்சுகிறது. இப்போது மிகுதியாகக் கேட்கப்படுவதும் அதுவே. கத்தாரும் அமெரிக்காவும் கட்டிவரும் புதிய ஆலைகள் இந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் உலகத்தை வாயு வெள்ளத்தில் ஆழ்த்தும், விலை விழும், அதை நம்பி இன்றே வண்டிகளை மாற்றிக்கொள்ளலாம் என்பர். விலை விழலாம். 2020இல் ஆசியச் சந்தை விலை இரண்டு டாலருக்கும் கீழே விழுந்தது. 2022 ஆகஸ்டில் எழுபது டாலரளவுக்கு ஏறியது. இவ்விரண்டுக்கும் இடையே கழிந்தது இரண்டாண்டு; ஒரு பஸ்ஸின் ஆயுளோ பத்துப் பன்னிரண்டாண்டு. விற்பவன் கப்பலைக் கடலின் நடுவிலேயே வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிட முடியும். வாங்குகிறவனால் தன் பஸ்ஸின் எஞ்சினை அவ்விதம் திருப்ப முடியாது. வாயு வெள்ளம் வரும் என்பதை நம்பி ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு நேர்ந்ததற்கும் பாகிஸ்தானே சாட்சி. 2022இன் விலையில் சுட்டுக்கொண்ட அந்நாட்டு ஜனங்கள், அரசாங்கத்தின் அனுமதிக்குக் காத்திராமல், 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 17 ஜிகாவாட் சூரியத் தகடுகளை வருவித்துக் கூரைகளில் பொருத்திக்கொண்டார்கள். மின்நிலையங்களுக்கு வாயு வேண்டாமற்போயிற்று. இரண்டாண்டுக்கு முன் கப்பல் கிடைக்காமல் தவித்த அதே அரசாங்கம், 2025இல் வரவேண்டிய ஐந்து கப்பல்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்குமாறு கத்தாரைக் கேட்டுக்கொண்டது.

கத்தாரோடு நாம் 2024 பிப்ரவரியில் புதுப்பித்துக்கொண்ட ஒப்பந்தம், ஆண்டுக்கு 75 லட்சம் டன் வீதம், 2028இல் தொடங்கி 2048இல் முடிவது. உரத்துக்கும் சில தொழிற்சாலைகளுக்கும் அவ்வாயு வேண்டியிருக்கலாம். அதைக் குறித்து இங்கே விவாதமில்லை. ஆட்டோவையும் பஸ்ஸையும் அதன் பேரில் மாற்றிக்கொள்ளும்படி ஜனங்களை ஊக்குவிக்கும் அதிகாரிகள், மாற்றுக் கருவிக்கு ஆகும் கடன் தீரும்வரை கிலோ இன்ன விலைக்கு மிகாது என்று முத்திரைத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். அவ்வாறு கொடுக்க இயலாதென்றால், வாயு நிலையங்களுக்கும் சலுகைகளுக்கும் செலவிட எண்ணியிருக்கும் பொதுப்பணத்தை மின்சாரப் பஸ்களுக்கும் அவற்றை ஊட்டும் பணிமனைகளுக்கும் இவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே மாற்றி எழுதட்டும்.